ஒஸ்லோவின் ராகு காலம்

எனக்குப் பஞ்சாங்கத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் வாசிப்பேன். நம்பாத புத்தகங்களைத்தான் நான் மிகக் கவனமாக வாசிப்பது; அவற்றில்தான் மனம் நோகாமல் பிழை பிடிக்கலாம். இந்தக் குணத்தால் ஒரு தை மாதம் மூன்று நாட்கள் என் சொந்த வீட்டுக்குள்ளேயே கைதியாக இருந்தேன். தனியாக இருந்திருந்தால் பரவாயில்லை. கூடவே என் மனைவியும் இருந்தாள்.

எங்கள் மகள் நொர்வேயின் மேற்குக் கரையில், பேர்கனில் இருக்கிறாள். அவளுக்கு அது முதற்பிள்ளை. இரத்த அழுத்தம் கூடிக்கொண்டு போவதால், தானாக வலி வரும்வரை காத்திருக்காமல் ஞாயிற்றுக்கிழமை காலை மருந்து கொடுத்துப் பிறக்க வைக்கப்போவதாக ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நாங்கள் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி ரயிலில் போவதாக ஏற்பாடு. ஏழு மணித்தியாலப் பயணம். அதன் பிறகு சனிக்கிழமை முழுவதும் கையில் இருக்கும். பிசகுவதற்கு இடமே இல்லாத திட்டம். மனைவி போட்டது.

அவள் அங்கே நின்றே ஆகவேண்டும் என்பதற்குக் காரணமும் நான்தான். மகள் பிறந்தபோது நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மனைவியின் தாய் யாழ்ப்பாணத்தில். போரால் பாதை பூட்டிக் கிடந்த காலம். பிரசவ அறையில் துணையும் நான், மொழிபெயர்ப்பாளனும் நான். மருத்துவிச்சி ஒரு கட்டத்தில் "தள்ள வேண்டாம்" என்றாள். நொர்வேஜிய மொழியில் அந்த ‘வேண்டாம்’ மிகச் சின்னச் சொல். தொண்டைக்குள் வந்து தொண்டைக்குள்ளேயே போய்விடும். எனக்குத் ‘தள்ள’ மட்டும்தான் கேட்டது. "தள்ளட்டாம்" என்று மனைவிக்குச் சொன்னேன். அவள் தள்ளினாள். மருத்துவிச்சி சத்தமாகச் சொன்னாள். நானும் சத்தமாகச் சொன்னேன். பத்து நிமிடம் இப்படிப் போனது. அதற்குப் பிறகு போடப்பட்ட தையல்களின் எண்ணிக்கை எங்கள் வீட்டில் இன்றும் பேச்சில் வரும், பெரும்பாலும் நான் யாருக்காவது அறிவுரை சொல்லும்போது.

"என்ரை பிள்ளைக்குப் பக்கத்திலை ஒரு ஆள் நிக்கவேணும். ஆள் எண்டால் பொம்பிளை" என்பது அன்றிலிருந்து அவளுடைய முடிவு. மகள் பேர்கனிலேயே படித்து அங்கேயே வேலை பார்ப்பவள், அவளுக்கு மொழிபெயர்ப்பாளன் தேவையில்லை என்பது இந்த முடிவை மாற்றவில்லை.

ஒரு மாதம் அங்கே நிற்பதாகத் திட்டம் என்பதால் வியாழனே குளிர்பெட்டியைத் துடைத்து வெறுமையாக்கிவிட்டாள். வீட்டில் மிஞ்சியிருந்த உருப்படியான சாப்பாடு மகளுக்கென்று கட்டிய பெட்டிக்குள் இருந்ததுதான்: பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் சரக்குத் தூள், நல்லெண்ணெய், உரித்த உள்ளிப் பூண்டு, ஒஸ்லோவில் எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கும் குறொன்லாண்டில் இரண்டு கடை ஏறி இறங்கி வாங்கிய பால்சுறா மீன்.

யாழ்ப்பாணத்து நாட்காட்டியின்படி வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. ஆகவே பத்தேகாலுக்கே வீட்டை விட்டு இறங்கி ஸ்டேஷனில் போய் இருந்துவிடுவது என்று மனைவி தீர்மானித்திருந்தாள். ஒன்பதரைக்குச் சப்பாத்தும் போட்டுவிட்டாள். நான் தேநீரோடு நாட்காட்டிக்கு முன்னால் நின்றேன். அந்த நேரம் பார்த்து எனக்கு அறிவு வந்தது.

"இஞ்சரும், இந்த நேரம் இஞ்சை செல்லாது."

"ஏன் செல்லாது?"

"இது அங்கத்தைச் சூரியனுக்குப் போட்டது. பகலை எட்டாப் பிரிச்சு அதிலை ஒரு பங்குதான் ராகு காலம். அங்கை பகல் பன்னிரண்டு மணித்தியாலம். இஞ்சை இப்ப ஏழு."

"ராகு எல்லா இடத்துக்கும் ஒண்டுதானே."

"ராகு ஒண்டுதான். சூரியன்தான் இஞ்சை பிந்தி வந்து வெள்ளனப் போறவர்."

கடித உறை ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒன்பது மணிக்கு உதயம், நாலு மணிக்கு அஸ்தமனம். வெள்ளிக்கிழமைக்கு நாலாம் பங்கு. பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருக்கத் தொடங்கி, பன்னிரண்டரைக்கு முடிகிறது.

"அங்கை ஒண்டரை மணித்தியாலம். இஞ்சை அம்பது நிமிஷம்தானோ?"

"ஓம். இந்த நாட்டிலை அவருக்கும் வேலைநேரம் குறைவு."

அவள் சிரித்தாள். அதோடு நான் தேநீரைக் குடித்து முடித்திருக்கலாம். சிரிக்க வைத்துவிட்டால் இன்னொன்று சொல்லாமல் விடமுடியாத ஒரு வியாதி எனக்கு உண்டு.

"ஆனால் பாரும், எங்கடை ரயில் பன்னிரண்டு மணிக்கு. சரியா நடுவிலை."

அவள் சிரிப்பதை நிறுத்தினாள். "வீட்டாலை வெளிக்கிடுறதுதானே கணக்கு?"

"வீட்டாலை வெளிக்கிட்டு ஸ்டேஷன் வாங்கிலை குந்தியிருக்கிறது பயணமோ? ரயில் அசையேக்கைதான் பயணம் தொடங்குது."

தர்க்கம் அழகாக இருந்தது, அதனால் சொன்னேன். வேறு காரணம் இல்லை. அவள் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள். முப்பது வருடமாகப் பிழையான நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்ற கலக்கம் அவள் முகத்தில் வந்தது.

"நாலு மணி ரயிலுக்கு மாத்துங்கோ."

"நான் பகிடிக்குச் சொன்னனான்."

"பிள்ளை பெறப்போறாள். அதிலை பகிடி விடுவியளோ?"

மாற்றினேன். கைத்தொலைபேசியில் அரை நிமிட வேலை. இந்தக் காலத்தில் மடத்தனம் செய்ய வரிசையில் நிற்கத் தேவையில்லை.

ஒரு மணிக்கு மழை தொடங்கியது.

பார்த்தால் சாதாரணத் தூறல். ஆனால் அதற்கு முந்திய பத்து நாட்களும் கடும் குளிர். நிலம் இரும்பாக உறைந்திருந்தது. மேலிருந்து தண்ணீராக வந்தது, தொட்ட இடத்தில் கண்ணாடியாகிவிட்டது. கைபிடிக் கம்பி, தபால்பெட்டி, கார், மரத்தின் ஒவ்வொரு சுள்ளி, எல்லாவற்றுக்கும் வார்னிஷ் பூசியதுபோல் ஒரு மினுக்கம். நாங்கள் இருப்பது ஒஸ்லோவை ஒட்டிய லோறென்ஸ்கூக்கில், ஒரு மேட்டின் உச்சியில். வீடு வாங்கும்போது தரகர் காட்சியைப் பற்றிச் சொன்னார். சறுக்கலைப் பற்றி நாங்களும் கேட்கவில்லை.

இரண்டரைக்குப் பெட்டியோடு படியில் கால் வைத்தேன். விழுந்தேன் என்று சொல்வது சரியாகாது. விழுவதற்கு முதல் ஒரு கணமாவது நின்றிருக்க வேண்டும். நான் படியில் இருந்தபடி பார்க்க, என் பெட்டி மட்டும் சாய்வில் ஓசையில்லாமல் இறங்கிப் போய், கீழ் வளைவில் இருந்த வேலியில் முட்டி நின்றது. எங்களில் அன்றைக்குப் பேர்கன் பக்கமாகப் புறப்பட்டது அது ஒன்றுதான்.

அதைத் திருப்பிக் கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். எழுபத்தைந்து வயது, எங்களுக்கும் அவருக்கும் ஒரே சுவர். சப்பாத்தில் இரும்பு முள்ளுப் பட்டி பூட்டிக்கொண்டு, நாற்சந்தியில் உலாவுவது மாதிரி வந்தார்.

"இன்றைக்கு வெளியே போகிற நாள் இல்லை" என்றார். சந்தேகமில்லாமல் அவர் எந்த நாட்காட்டியும் பார்த்திருக்கவில்லை.

பேருந்து மேட்டுக்கு ஏறவில்லை. டாக்சிக்காரர் தொலைபேசியிலேயே சிரித்தார். மூன்று மணிக்குச் செய்தி வந்தது: மின்கம்பிகளில் ஐஸ் பிடித்துவிட்டது, பிற்பகல் ரயில்கள் எல்லாம் ரத்து. பன்னிரண்டு மணி ரயில் மட்டும் மழைக்கு முன்னால் ஓடித் தப்பிவிட்டது.

மகள் அழைத்தாள். ரயில் அவளுக்கு எப்போதும் ‘தோக்’தான். "அப்பா, பன்னிரண்டு மணித் தோக் வந்துகொண்டிருக்காமே. நீங்கள் அதிலைதானே வாறதெண்டு சொன்னனீங்கள்?"

"அது ஒரு பெரிய கதை பிள்ளை."

மனைவி என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினாள். "கொப்பர் கணக்குப் பாத்தவர்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை விடிந்தபோது மழை விட்டிருந்தது, ஐஸ் விடவில்லை. விமான நிலையத்தில் முதல் நாள் நின்றுபோனவர்களே மூன்று விமானத்துக்குப் போதும். மலைப்பாதைகள் பூட்டு. பாதை திறந்திருந்தாலும் காரின் கதவு திறக்காது. அது ஒரு ஐஸ் கட்டிக்குள் படம்போல இருந்தது. நான் ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடந்தேன். மனைவி நடக்கவில்லை. மேலங்கியோடு வாசலில் பெட்டியின் மேல் இருந்தாள். கழற்றினால் பயணம் இல்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

பத்து மணிக்கு மருமகன் அழைத்தார். கோயம்புத்தூர்க்காரர், கணினி வேலை, தங்கமான மனிதர். நாங்கள் மாமி என்பதை அவர் அத்தை என்பார். கல்யாணமாகி ஒரு வருடம்வரை என் மனைவி, யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஒண்ணும் டென்ஷன் ஆகாதீங்க. இங்க எல்லாம் ரெடிங்க. அத்தை என்ன பண்றாங்க?"

"பெட்டிக்கு மேலை இருக்கிறா."

"பெட்டி மேலயா? ஏங்க மாமா?"

"போறதுக்கு."

பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்: "மாமா, நாளைக்கு உள்ள வந்து நிக்கணும்னு சொல்றாங்க. எனக்குக் கொஞ்சம் பயமா இருக்குங்க. நீங்க அப்ப எப்படிச் சமாளிச்சீங்க?"

நான் எப்படிச் சமாளித்தேன் என்பதை மூன்றடி தூரத்திலிருந்து ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். "கையைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. வாயைத் திறக்காதேங்கோ" என்றேன். என் வாழ்நாளில் நான் கொடுத்த ஒரேயொரு பயனுள்ள அறிவுரை அதுதான் என்று நினைக்கிறேன்.

மத்தியானம் பசித்தது. வீட்டில் உப்பும் ஒரு போத்தல் சம்பலும் கொஞ்ச அரிசியும். கடை மேட்டுக்குக் கீழே. மனைவி எழுந்து, மகளின் பெட்டியின் கட்டை அவிழ்த்தாள். அவிழ்க்கும்போது அவள் கை கொஞ்சம் நின்றது, அதை நான் பார்த்தேன். சரக்குத் தூள் போட்டு உள்ளிக் கறி வைத்தாள். பால்சுறாவை அவித்து உதிர்த்து வறை செய்தாள். பால்சுறா வறை எதற்கென்று யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரியும்: பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க. ஐம்பத்தாறு வயதில், மீசையோடு, நான் அதைச் சாப்பிட்டேன்.

"எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு. இன்னும் பலன் தெரியேல்லை."

அவள் சிரிக்கவில்லை. கோப்பையைப் பார்த்தபடி, "அவளுக்கு ஏதும் நடந்தால், நான் உங்களோடை இந்த வீட்டிலை இருக்கமாட்டன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்குக் குப்பை எடுக்கிற நாள் என்று சொல்வதுபோல் சொன்னாள்.

எனக்கு அப்போது எழுந்து எங்காவது போகவேண்டும்போல் இருந்தது. போக இடமில்லை. முன்வாசல் கண்ணாடி, பின்வாசல் கண்ணாடி, மாடியில் மகளுடைய பழைய அறை. அந்த அறைக்குப் போய்க் கட்டிலின் விளிம்பில் இருந்தேன். மருத்துவப் புள்ளிவிவரங்கள் எல்லாம் எனக்குத் தெரியும், வாசித்திருக்கிறேன். ஒன்றும் நடக்காது என்று அவை சொல்லின. ஆனால் நானும் வெள்ளிக்கிழமை காலை சரியான கணக்கைத்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காற்று மாறியது. தெற்கிலிருந்து இளஞ்சூடான மழைக்காற்று. வெப்பநிலை ஒரேயடியாக ஏறி ஐந்து பாகைக்கு வந்தது. எங்கும் தண்ணீரின் சத்தம். கூரை சொட்டியது, மரம் சொட்டியது, ஐஸின் மேல் தண்ணீர் ஓடியது. அது வெறும் ஐஸைவிட மோசம். ஆனாலும் அசைகிறது, உலகம் அசைகிறது. ஆஸ்பத்திரியில் எட்டு மணிக்கு மருந்து கொடுத்துவிட்டார்கள். ஒன்றும் தொடங்கவில்லை, நேரம் எடுக்குமாம். ரயில்? உருகிய தண்ணீரில் வழியில் ஒரு மண்சரிவு, தண்டவாளம் மூடப்பட்டது.

பதினொரு மணிக்கு வீட்டுக்கு மேலே ஒரு பெரிய லொறி போவதுபோல் சத்தம். பிறகு ‘தொம்’. முன்னறை இருண்டது. ஒரு மாதத்துப் பனி முழுவதும், கூரையின் முன்பாதியிலிருந்து ஒன்றாக வழுக்கி, வாசலில் விழுந்திருந்தது. இதற்கு இவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது: தாக்ராஸ், கூரைச்சரிவு. கூரை ‘தாக்’, நன்றி ‘தக்’; இந்த மொழியில் ஓரெழுத்துத்தான் வித்தியாசம். வந்த புதிதில், ஒரு கட்டடத்தில் தொங்கிய அந்த எச்சரிக்கைப் பலகைக்கு நான் தலையாட்டி நன்றி சொல்லிவிட்டு அதன் கீழேயே நடந்திருக்கிறேன்.

எங்கள் முன்கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. தள்ளிப் பார்த்தேன். ஒரு விரல் அளவு அசைந்தது. ஈரப்பனி சீமெந்து மாதிரி.

"தள்ளுங்கோ" என்றாள் மனைவி.

"தள்ளுறன்."

"நல்லாத் தள்ளுங்கோ."

இருவரும் ஒரே நேரத்தில் ஒன்றை நினைத்தோம் என்பது தெரிந்தது.

மூன்றேகால் மணிக்கு மகளே அழைத்தாள். மெல்லிய வலி தொடங்கிவிட்டது. "அம்மா, ஒரு சீட் இருக்கு. ஆரோ கான்சல் பண்ணியிருக்கினம். அஞ்சரைக்குப் பிளைட். எடுக்கட்டோ?" என்றாள். ஒரு சீட். மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. "எடு" என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு அழைத்தேன். அவருடைய கார் டயரில் ஐஸைப் பிடிக்கும் இரும்புக் குமிழ்கள் உண்டு. அவர் ஐந்து நிமிடத்தில் ஒரு சின்ன ஏணியோடு, பக்கச் சுவரில் இருக்கும் எங்கள் சமையலறை ஜன்னலுக்குக் கீழே வந்தார். முதலில் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். மற்றப் பாதிப் பனி இன்னும் பின்வாசலுக்கு மேலே, விளிம்பைத் தாண்டித் தொங்கியது.

"விரைவாக" என்றார்.

பெட்டியை முதலில் இறக்கினோம். பிறகு மனைவி. பக்கத்து வீட்டுக்காரர் தந்த முள்ளுப் பட்டியைச் சப்பாத்தில் பூட்டிக்கொண்டு, சேலை கட்டி வளர்ந்த ஒருத்தி, கழுவுதொட்டியில் ஏறி, ஜன்னலுக்கு வெளியே ஒரு காலைப் போட்டாள். நேரம் மூன்றரை. ஒஸ்லோக் கணக்கில் அது ஞாயிற்றுக்கிழமை ராகு காலத்தின் நட்டநடு. யாழ்ப்பாணக் கணக்கில் பார்த்தால் விமானம் எழும்பும் நேரம் அதற்குள் விழுகிறது. எனக்கு இரண்டும் தெரியும். அன்று என் கணக்கை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"சரக்குத் தூள் மிச்சத்தை வைச்சிட்டீரோ?" என்று கேட்டேன்.

"வைச்சிட்டன். போட்டு வாறன்."

அவள் ஏணியிலிருந்து இறங்கியபின் கிழவர் திரும்பி, என் காலடிப் பக்கம் கையைக் காட்டினார். ஜன்னலுக்குக் கீழே, நிலவறையை ஒட்டி ஒரு வடிகால். அதன் வாய் உறைந்து மூடியிருந்தது. மேட்டிலிருந்து வரும் தண்ணீர் எல்லாம் அதற்கு மேலே குளமாகக் கட்டத் தொடங்கியிருந்தது.

"அதைத் திறந்து வைத்திரு. இல்லாவிட்டால் முதலில் உன் நிலவறை, பிறகு என்னுடையது. கூரையின் இந்தப் பக்கத்தில் மட்டும் நில்."

கார் மேட்டில் மெதுவாக இறங்கி மறைந்தது. நான் ஜன்னலால் இறங்கி, கடப்பாரை போன்ற ஒரு அலவாங்கோடு அந்த வடிகாலுக்குப் பக்கத்தில் நின்றேன். கொத்தினால் தண்ணீர் ஒரு சுழி போட்டு இறங்கும். பத்து நிமிடத்தில் பனிக்கூழ் வந்து அடைத்துவிடும். மறுபடி கொத்தவேண்டும். இடது பக்கம் போனால் கூரை. வலது பக்கம் சரிவு. ஒரு கதவகல நிலத்தில், கணுக்கால் தண்ணீரில், நான் இருட்டும்வரை நின்றேன்.

எட்டரைக்கு மனைவி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று மருமகன் செய்தி அனுப்பினார். "அத்தை வந்துட்டாங்க" என்று இரண்டு சொல். அதை நான் பல தடவை வாசித்தேன். பிழை ஒன்றும் அகப்படவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடி வடிகாலோடு நின்றேன். பேர்கனில் இருந்தபடியே கணினியில் வேலை செய்வதாக ஏற்பாடு; அதுவும் முடியாது என்று அறிவித்திருந்தேன். காரணம் என்ற இடத்தில் ‘தண்ணீர்’ என்று எழுதினேன். தொலைபேசி அடித்தது. ஈரக் கையுறையை அது ஏற்கவில்லை. பல்லால் கையுறையை இழுத்து எடுத்தேன்.

திரையில் முதலில் கூரை விளக்கு. பிறகு மருமகனின் காது. பிறகு ஒரு துணிச்சுருளுக்குள் சிவந்த, மிகவும் கோபமான ஒரு முகம். பெண்பிள்ளை. அதன் தலையைத் தாங்கியிருந்த கை என் மனைவியுடையது. மகள் படுக்கையிலிருந்து, களைத்த குரலில், "அப்பா, பாத்தீங்களோ?" என்றாள். அவள் நன்றாக இருந்தாள். தலையை ஆட்டினேன்.

"மாமா, நான் வாயே திறக்கலைங்க" என்றார் மருமகன்.

மனைவி திரைக்கு முன்னால் வந்தாள். தலை கலைந்திருந்தது, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதன்முறையாக மேலங்கி இல்லாமல் இருந்தாள். என்னையும், என் அலவாங்கையும், பின்னால் தொங்கிய பனியையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ரயில் பாதை எப்ப திறக்கிறாங்களாம்?"

"வியாழன் எண்டு சொல்லுறாங்கள். நான் அதிலை வாறன்." பிறகு, மூன்று நாளாக வைத்திருந்ததைச் சொன்னேன்: "வெள்ளிக்கிழமை நான் அந்தக் கதை கதைச்சிருக்கப்படாது."

அவள் பிள்ளையின் துணியை ஒரு பக்கம் சரிசெய்தாள். "நீங்கள் இஞ்சை வந்திருந்தாலும் கதவுக்கு வெளியிலைதான் நிண்டிருப்பியள்" என்றாள். "அங்கையே நில்லுங்கோ. சாப்பிட்டனீங்களோ?"

"பால்சுறா கொஞ்சம் கிடக்கு."

"அதைச் சாப்பிடுங்கோ" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள். தண்ணீர் கணுக்காலுக்கு மேலே வந்துவிட்டிருந்தது. நான் மறு கையுறையையும் கழற்றி வைத்துவிட்டுக் கொத்தத் தொடங்கினேன்.